கல்லீரல் சுருக்க நோயில் இரத்தக்கசிவு: உணவுக்குழாயைத் தாண்டியும் தேட வேண்டிய இடங்கள்

கல்லீரல் சுருக்க நோய் உள்ள ஒருவர் இரத்த வாந்தி எடுத்தால் என்ன நடக்கும் என்பது நம் பகுதியில் பல குடும்பங்களுக்கு அனுபவத்தால் தெரிந்திருக்கிறது. மருத்துவச் சீட்டில் 'சிரோசிஸ்' என்று எழுதப்படும் இந்நோயில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைத்து நிற்கும். அவற்றுள் ஒன்று வெடிக்கும். எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் மாட்டி அதைக் கட்டுவோம். 'பேண்டு போட்டாயிற்று' என்று சொல்லிக்கொண்டு வீட்டார் நிம்மதியடைவார்கள்.

இக்கட்டுரை அந்த நிம்மதி கிடைக்காதவர்களைப் பற்றியது. பேண்டு போட்ட பிறகும் மலம் கறுப்பாகப் போகிறது. அல்லது எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் வெளியே வந்து, 'உணவுக்குழாயில் கசிவு எதுவும் தெரியவில்லை' என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். சிலர் கோபம் கொள்கிறார்கள். இரண்டும் அவசரம். உணவுக்குழாயில் தெரியவில்லை என்றால், இரத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்பதே அதன் பொருள். அந்த 'வேறு எங்கோ' எது என்று கண்டறிந்தால்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும். ஏனெனில் இடம் மாறினால் சிகிச்சையும் முழுவதும் மாறிவிடும்.

மடை அடைபட்ட குளம்

நம் கல்லீரலுக்குள் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து போர்ட்டல் சிரை என்னும் ஒரே பெருங்குழாய் வழியாக வருகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்த வழி அடைபடுகிறது.

சிற்றாற்றுத் தண்ணீரைக் கொண்டு பயிர் செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குளத்திற்குள் கால்வாய் வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. வெளியேறும் மடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் என்ன செய்யும்? கரையில் எங்கே பலவீனமோ அங்கே கசியும், பழைய உடைப்பு இருந்த இடத்தைத் தேடும், யாரும் நினைத்துப் பார்க்காத ஓர் ஓரத்தில் வழி அமைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரையின் இரத்தமும் அப்படித்தான் மாற்று வழிகளைத் தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதி அதற்குக் கிடைக்கும் முதல் பலவீனமான கரை. அது ஒன்றே கரை அன்று.

கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள சிரை அழுத்தங்களின் வேறுபாடு இயல்பாக 5 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாது. அது 10-ஐத் தொடும்போது புடைப்புகள் உருவாகத் தொடங்குகின்றன. 12-ஐ எட்டிய பின் அவை வெடிக்கும் அபாயம் வருகிறது. ஆகவே நோயாளி நலமாக நடமாடிக்கொண்டிருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம்.

இரைப்பையின் மேல்மாடம்

உணவுக்குழாய்க்கு அடுத்தபடியாகப் புடைப்புகள் தோன்றும் இடம் இரைப்பை. இவற்றை ஒழுங்காக வகைப்படுத்தி உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. புது தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சிவகுமார் சரினும் உடன் பணியாற்றியவர்களும், போர்ட்டல் சிரை அழுத்தம் மிகுந்த 568 நோயாளிகளை நெடுநாள் தொடர்ந்து கவனித்து 1992-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையில் புடைப்பு இருந்தது. அன்று அவர்கள் பிரித்த நான்கு வகைகள் இன்றும் உலகெங்கும் 'சரின் வகைப்பாடு' என்றே வழங்குகின்றன. உங்கள் எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ஜி.ஓ.வி. 1, ஜி.ஓ.வி. 2, ஐ.ஜி.வி. 1, ஐ.ஜி.வி. 2 என்று ஏதேனும் எழுதியிருந்தால் அது இந்த வகைப்பாடுதான்.

இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகை உணவுக்குழாயின் தொடர்ச்சி போன்றது; பெரும்பாலும் அதே முறைகளுக்குக் கட்டுப்படும். இரைப்பையின் மேல்மாடத்தில் திராட்சைக் குலைபோல் திரண்டு நிற்கும் வகைகள் வேறு. அவை அடிக்கடி கசிவதில்லை; கசிந்தால் வெள்ளம். அங்கே ரப்பர் வளையம் மாட்டுவது பொதுவாக உகந்ததன்று, சிரை அவ்வளவு பெரியது. அதற்குள் சயனோஅக்ரிலேட் என்னும் பசையை ஊசி மூலம் செலுத்துவோம். கடைகளில் விற்கும், தொட்டவுடன் ஒட்டும் பசையின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது; மருத்துவத்திற்கென்று தயாரிக்கப்படுகிறது. இரத்தம் பட்டவுடன் இறுகி, சிரையின் உட்புறத்தை அடைத்துவிடும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சோஹென்ட்ரா என்னும் மருத்துவர் 1986-இல் இம்முறையைப் பதிவு செய்தார். 'உடம்புக்குள் பசையா?' என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்கும் உறவினர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தயக்கம் நியாயமானதே. பசையின் சிறு துணுக்கு நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் அரிதாக உண்டு. அதையும் மருத்துவர் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் மேல்மாடச் சிரை வெடித்திருக்கும் வேளையில் பசையைத் தவிர்த்துவிட்டுக் காத்திருப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய அபாயம்.

வெடிக்காமல் வடிவது

எல்லாக் கசிவும் வாந்தியாக வருவதில்லை. சில நோயாளிகள் இரத்தத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். வயலுக்கு நடந்து போகும்போது மூச்சு வாங்குகிறது, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது, சோதித்தால் ஹீமோகுளோபின் 6 அல்லது 7 என்று வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஏறுகிறது, நிறுத்தினால் மீண்டும் இறங்குகிறது. 'சத்துக் குறைவு' என்று முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்து மாதங்கள் கழிகின்றன. கீரை நல்லதுதான், குற்றம் கீரையினுடையதன்று. பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறது.

இரைப்பையின் உட்சுவர் முழுவதும் அழுத்தத்தால் வீங்கி, பாம்புத்தோல் போன்ற கட்டங்களுடன் காணப்படும் நிலை ஒன்று உண்டு. இன்னொன்றில் இரைப்பையின் கீழ்வாயிலை நோக்கிச் சிவந்த கோடுகள் வரிவரியாக ஓடும்; பார்ப்பதற்குத் தர்ப்பூசணியின் மேல்தோல் போல இருப்பதால் 'தர்ப்பூசணி இரைப்பை' என்றே மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். இரண்டும் மெல்லக் கசிபவை. இரண்டும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு வருபவை. ஆனால் சிகிச்சை நேர்மாறானது. பாம்புத்தோல் வகை போர்ட்டல் அழுத்தத்தால் வருவது; அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளால் தணியும். தர்ப்பூசணி வகை அந்த மாத்திரைகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆர்கான் வாயுவின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி அந்தக் கோடுகளைக் கருக்க வேண்டும், அல்லது அவற்றுக்கும் வளையம் மாட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு முறையில் முடியாது. ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால் நோயாளி மாதக்கணக்கில் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பார். ஆகவே பழைய எண்டோஸ்கோப்பி படங்களைத் தூக்கி எறியாதீர்கள். எழுத்து அறிக்கையைவிட அந்தப் படங்கள் எங்களுக்கு அதிகம் பேசும்.

மூலம் என்று நினைத்தது

நம் பகுதியில் நான் மிகவும் அஞ்சுவது இதையே. கல்லீரல் நோயாளி ஒருவருக்கு மலத்தோடு சிவப்பாக இரத்தம் போகிறது. வலி இல்லை. 'சூட்டினால் மூலம்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பௌத்திரம் என்று எழுதியிருக்கும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டோ, அறுத்துக்கொண்டோ வருகிறார்கள்.

மலக்குடலிலும் போர்ட்டல் சிரையின் மாற்று வழிகள் உண்டு. அவை புடைத்தால் வெளிப்பார்வைக்கு மூலம் போலவே தோன்றக்கூடும். மூலம் ஆசனவாயில் உள்ள மெத்தை போன்ற திசுக்களின் வீக்கம். மலக்குடல் சிரைப் புடைப்போ நேரடியாகப் போர்ட்டல் சிரையோடு தொடர்புடைய குழாய். மூலம் என்று எண்ணி அதில் கத்தி வைத்தால், ஏற்கெனவே உறைதிறன் குலைந்த உடம்பில் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகிவிடும். சிரோசிஸ் நோயாளிக்கு உண்மையான மூலமும் வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாச் சிவப்பும் ஆபத்தன்று. எது எது என்பதை வளைந்த குழாய் கொண்டு உள்ளே பார்த்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியோடு இணைந்த ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கல்லீரல் நோய் இருப்பதைச் சொல்லாமல் எந்த இடத்திலும் மூலத்திற்குச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டாம்.

பழைய தழும்பு சொல்லும் செய்தி

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இது குறிப்பிட்ட யாருடைய கதையும் அன்று. இவ்வாறு நிகழ்வதுண்டு என்று காட்டுவதற்காகச் சொல்வது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. மதுவைத் தொட்டதில்லை, பல ஆண்டுச் சர்க்கரை நோயும் கொழுப்பேறிய கல்லீரலும் சிரோசிஸாக முற்றியிருக்கின்றன. (சிரோசிஸ் என்றாலே குடி என்று பேசும் வழக்கத்தால் இத்தகைய பெண்கள் நோயை மறைக்கிறார்கள். அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.) திடீரென்று கருஞ்சிவப்பாக மலம் போகிறது, மயக்கம் வருகிறது, வாந்தியில் ஒரு துளி இரத்தமும் இல்லை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புடைப்புகள் சிறியவையாக, கசிவின்றி இருக்கின்றன. இரைப்பை சுத்தம். பெருங்குடலைப் பார்த்தால் இரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் பெருங்குடலின் சுவரில் புண் இல்லை, இரத்தம் மேலிருந்து இறங்கி வருகிறது.

இந்நிலையில் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'வயிற்றில் ஏதேனும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா?'

'இருபது வருஷத்துக்கு முன்னாடி கர்ப்பப்பை எடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?'

சம்பந்தம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் வயிற்றுச் சுவரோடு ஆங்காங்கே ஒட்டிக்கொள்வதுண்டு. வேறு எந்தச் சங்கடமும் தராமல் அந்த ஒட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பின்னாளில் போர்ட்டல் அழுத்தம் ஏறும்போது, குடலின் சிரைகளுக்கும் வயிற்றுச் சுவரின் சிரைகளுக்கும் இடையே அந்த ஒட்டு ஒரு பாலமாகிவிடுகிறது. இரத்தம் அந்தப் பாலத்தில் ஏறிச் சிறுகுடலின் சுவரில் புடைக்கிறது. போர்ட்டல் அழுத்தம், பழைய வயிற்று அறுவை, வாந்தியில்லாமல் மலத்தில் மட்டும் இரத்தம் — இம்மூன்றும் சேர்ந்தால் சிறுகுடல் சிரைப் புடைப்பை நினைக்க வேண்டும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள பாடம். மூன்றில் ஒன்றை, அந்தப் பழைய தழும்பை, நோயாளியும் வீட்டாரும்தான் எங்களுக்குச் சொல்ல முடியும். மயங்கிய நிலையில் வரும் நோயாளியின் வயிற்றில் நாங்கள் தழும்பைப் பார்ப்போம் என்பது உண்மை. ஆனால் லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவையின் தழும்பு கண்ணில் படாமல் போகலாம்.

இவ்வாறு வழக்கமான இடங்களுக்கு வெளியே, அதாவது முன்சிறுகுடல், சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், குடலை வெளியே எடுத்து வைத்த வாய் ஆகியவற்றில் தோன்றும் புடைப்புகள், சிரைப் புடைப்பு வெடித்து வரும் கசிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேற்படாதவை. அரிது என்பதால்தான் தாமதமாகின்றன.

தேடும் வழி

தேடலுக்கு முன்பாகவே சிகிச்சை தொடங்கிவிடும் என்பதை வீட்டார் அறிந்திருந்தால் பதற்றம் குறையும். நோயாளி வந்தவுடன் ஊசிக்குழாய் போட்டு, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைட் மருந்தைத் தொடங்குகிறோம். கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் செல்லும். காய்ச்சல் இல்லையே, அது எதற்கு என்று கேட்பார்கள். கசிவின்போது சிரோசிஸ் நோயாளிக்குத் தொற்று எளிதில் புகும். அதைத் தடுத்தாலே மறுபடி கசிவதும் இறப்பும் குறைகின்றன. எண்டோஸ்கோப்பியை, நோயாளி நிலைப்பட்ட பிறகு, 12 மணி நேரத்திற்குள் செய்வது வழக்கம்.

முதல் எண்டோஸ்கோப்பியில் இடம் தெரியவில்லையென்றால் மறுபடியும் பார்ப்பது தவறன்று. இரத்தக்கட்டிகள் மேல்மாடத்தை மறைத்திருக்கலாம். இரத்தம் குறைந்திருக்கும் வேளையில் புடைப்புகள் சுருங்கி ஒளிந்திருக்கலாம். இரண்டாவது முறை முன்சிறுகுடலின் ஆழம் வரை செல்வோம். 'ஒரு தடவை பார்த்துட்டீங்களே, மறுபடியும் எதுக்கு?' என்ற கேள்விக்கு இதுவே பதில். அடுத்தது பெருங்குடல் சோதனை. அடுத்தது, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். இது தமனிகளையும் போர்ட்டல் சிரையின் கிளைகளையும் வரைபடம்போல் காட்டும். அரிதான இடத்துப் புடைப்பைக் கண்டுபிடிப்பதில் பல நேரங்களில் இதுவே வெற்றி பெறுகிறது. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீர் அளவையும் கிரியாட்டினினையும் முன்பே பார்ப்போம். போர்ட்டல் சிரையில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்பதும் இந்தப் படத்தில் தெரியும். திடீரென்று மோசமாகும் பல நோயாளிகளிடம் காரணம் அதுவாக இருக்கிறது.

கசிவு நின்றிருக்கும் நோயாளிக்குக் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி என்னும் விழுங்கும் கேமரா உதவும். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள மாத்திரை போன்ற அது சிறுகுடல் முழுவதும் பயணித்துப் பல்லாயிரம் படங்களை எடுத்து, இயல்பாக மலத்துடன் வெளியேறிவிடும். குடலில் அடைப்போ கடும் ஒட்டோ இருந்தால் அது சிக்கிக்கொள்ளும். பழைய அறுவையைப் பற்றி மறுபடியும் கேட்பது அதனால்தான்.

இடம் தெரிந்த பின் வழிகள் பல. எட்டும் இடத்தில் இருந்தால் பசை. எட்டாத இடத்தில் இருந்தால் கதிரியக்கத் துறையினர் சிரை வழியாகவே நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பை அடைப்பார்கள். 'டிப்ஸ்' என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். கழுத்துச் சிரை வழியே சென்று, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே ஒரு குழாய்ப்பாலம் அமைப்பது அது. மடையைத் திறந்துவிட்டதுபோல் அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் கல்லீரலால் சுத்திகரிக்கப்படாத இரத்தம் நேரே மூளைக்குப் போவதால் மனக்குழப்பம் ஏற்படலாம். இதயம் பலவீனமானவர்களுக்கும், கல்லீரல் மிகவும் முற்றிப் போனவர்களுக்கும் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் அப்பால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. கசிவு மறுபடி மறுபடி வருகிறவரின் குடும்பத்தார் அதைப் பற்றிக் கடைசி நேரத்தில் கேட்காமல், அவர் எழுந்து நடமாடும் காலத்திலேயே கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் அடங்கும் என்பதையும் அப்போதே காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளலாம்.

'இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றுங்கள்'

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எங்களுக்கும் உறவினர்களுக்கும் இடையே அதிகம் எழும் வாக்குவாதம் இதுதான். ஹீமோகுளோபின் 7.5 என்கிறோம்; இரத்தம் ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறோம். இரத்தம் கொடுக்க ஊரிலிருந்து நான்கு இளைஞர்கள் வந்து காத்திருக்கிறார்கள். 'ஏன் ஏற்ற மாட்டேன் என்கிறீர்கள்?'

ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் குடல் இரத்தக்கசிவோடு வந்த 921 பேரிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2013-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் இரத்தம் ஏற்றினார்கள். மற்றப் பிரிவினருக்கு 9-க்குக் கீழே போனாலே ஏற்றினார்கள். ஆறு வாரத்தின் முடிவில், குறைவாக ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேரும், தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் 91 பேரும் உயிரோடு இருந்தார்கள். காரணம் மறுபடியும் அந்தக் குளந்தான். கரை உடைந்திருக்கும்போது மேலும் தண்ணீர் விட்டால் உடைப்பு பெரிதாகும். கூடுதலாக ஏற்றும் இரத்தம் போர்ட்டல் அழுத்தத்தை ஏற்றி, நின்ற கசிவை மறுபடி தொடங்கிவிடக்கூடும். 'ரத்தம் உறையும் நேரம் கூடியிருக்கிறது' என்று அறிக்கையில் பார்த்துவிட்டுப் பிளாஸ்மா கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அளவோடு ஏற்றுவது கருமித்தனமன்று. இதயநோய் உள்ளவர், வெள்ளமாகக் கசிந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்கு இக்கணக்கு மாறும். அதை மருத்துவர் முடிவு செய்வார். அந்த நான்கு இளைஞர்கள் இரத்த வங்கியில் கொடுத்துவிட்டுப் போகட்டும், யாருக்காவது வேண்டியிருக்கும்.

இரத்தம் தெரியாமலும் கசியலாம்

வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேண்டு போட்ட இடத்தில் வளையம் உதிர்ந்த பின் சிறு புண் ஏற்படும். முதல் இரண்டு வாரத்திற்குள் அதிலிருந்து கசிவு வரலாம். அந்த நாட்களில் உணவு மென்மையாகவும், அதிகச் சூடின்றியும் இருக்கட்டும். முறுக்கும் வறுத்த மீனும் காத்திருக்கலாம். மூட்டுவலிக்கும் உடம்புவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன், நிமெசுலைடு போன்ற மாத்திரைகளால் வரும் சாதாரண இரைப்பைப் புண்ணும் சிரோசிஸ் நோயாளியிடம் பெருங்கசிவாகிவிடும். அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். கல்லீரலில் ஊசி செலுத்திச் சோதனை செய்த சில நாட்களில் வலியும் மஞ்சள் காமாலையும் கறுத்த மலமும் சேர்ந்து வந்தால், பித்தநாளத்தின் வழியே இரத்தம் வருகிறதோ என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மலமும் வாந்தியும் இயல்பாக இருக்க, வயிறு திடீரென்று வலித்துப் பெரிதாகி, நோயாளி வியர்த்து வெளிறிப்போவது. கல்லீரலில் உள்ள கட்டியோ, வயிற்றுக்குள் ஒரு புடைத்த சிரையோ வெடித்து, இரத்தம் வயிற்றறைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கலாம். 'வயிற்றில் தண்ணீர் கூடிவிட்டது, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக் கூடாத நிலை இது.

வேறு வகையில் கசிவு தன்னைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. குடலுக்குள் தேங்கிய இரத்தம் அம்மோனியாவாக மாறி மூளையைக் குழப்பும். பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், சொன்னதையே சொல்வது, பழகியவரை அடையாளம் தெரியாமை ஆகியவற்றை முதலில் கவனிப்பவர் மனைவியாகவோ மகளாகவோதான் இருப்பார். அவர்கள் சொல்வதை 'வயசாகிவிட்டது' என்று ஒதுக்காமல், மலத்தின் நிறத்தையும் அன்றே பாருங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவரின் மலமும் கறுக்கும். ஆனால் அது உருவோடு, பச்சை கலந்த கறுப்பாக இருக்கும். இரத்தத்தால் கறுத்த மலம் தார் போல ஒட்டும், பளபளக்கும், தனித்ததொரு நாற்றம் வீசும். பீட்ரூட் தின்றால் சிவக்கும். ஐயம் இருந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, நாங்கள் தினமும் பார்ப்பவைதாம்.

கிளம்பும்போது

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசி அருகில்தான். அங்கிருந்து பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் வண்டிகள் சாலையை நிறைத்துவிடும். இரத்த வாந்தி, தார் போன்ற மலம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலே 108-ஐ அழையுங்கள். சொந்தக் காரில் நேரே தொலைதூர மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் ஊசிக்குழாய் போட்டு, இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தி, முதல் மருந்தைத் தொடங்கிய பின் அனுப்பப்படுவது பாதுகாப்பானது. வழியில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச்சாறு, மோர், இளநீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எண்டோஸ்கோப்பியும் தாமதமாகும்.

அமைதியான ஒரு நாளில், ஒரே தாளில் சிலவற்றை எழுதி, பழைய எண்டோஸ்கோப்பி படங்களோடு ஒரு பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். நோயாளியின் இரத்த வகை. கடைசியாகப் பேண்டு போட்ட தேதி. அன்றாடம் உண்ணும் மாத்திரைகள், கடையில் வாங்கியவையும் நாட்டு மருந்தும் உட்பட. புரோப்ரனலால் அல்லது கார்வெடிலாலை யாரேனும் நிறுத்தச் சொன்னார்களா, எப்போது. அவற்றைத் தாமாக நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். வயிற்றில் நடந்த எல்லா அறுவை சிகிச்சைகளும், எவ்வளவு பழையவை ஆயினும், ஆண்டோடு: குடல்வால், பித்தப்பை, சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை, குடலிறக்கம். நினைவில்லை என்றால் வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அம்மாவுக்கு எப்போது என்ன நடந்தது என்பது பெரும்பாலும் ஓர் அத்தைக்கோ சித்திக்கோ நினைவிருக்கும்.